மட்டக்களப்பில் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா? பல்தேவைக் கட்டடத்தில் இருந்து தொடங்குங்கள்

மட்டக்களப்புக் கிராமங்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாயின் வளவிலோ அதற்கு அடுத்த வளவிலோ மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் அங்கே வருவார். அதனால் ஓர் ஒழுங்கையில் நுழைந்தால் அக்கா, தங்கச்சி, சின்னம்மா, மாமி என்று வேலிக்கு வேலி சொந்தமாக இருக்கும். நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு சத்தம் போட்டால் போதும், நாலு பேர் வந்துவிடுவார்கள்.

இடமாற்றத்தில் வந்த ஆசிரியர், ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து வந்தவர், மலையகத்தில் இருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம், வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு வேலி கிடையாது. நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். பதுளையில் இருந்து கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வாடகைக்கு வந்து இறங்கியபோது மூத்தவனுக்கு இரண்டு வயது, இளையவள் வயிற்றில். இன்றைக்கு அதே ஊரின் மாதர் சங்கத்துக்கு நான் பொருளாளர். புதிதாக வருகிற குடும்பம் ஒவ்வொன்றுக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் ஏறக்குறைய எதையுமே தேவை வந்த பிறகு செய்ய முடியாது. ஒரு தேவையும் இல்லாத நாளில் செய்து வைக்க வேண்டியவை இவை.

முதலில், திறப்பு யாரிடம் என்று கேளுங்கள்

அநேகமாக ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு பொதுக் கட்டடம் இருக்கும். பலகையில் 'பல்தேவைக் கட்டடம்' என்று எழுதியிருந்தாலும் ஊரில் 'ஆர்.டி.எஸ். கட்டடம்' என்றுதான் சொல்வார்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொறுப்பில் இருப்பதால் அந்தப் பெயர். சில ஊர்களில் சனசமூக நிலையம், வேறு சில ஊர்களில் வாசிகசாலை. போய்ப் பார்த்தால் பாதி நேரம் பூட்டிக் கிடக்கும். அதை வைத்து, இது நடக்காத இடம் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒபிஸ் அல்ல. ஆட்கள் வருகிற நேரத்துக்குத்தான் திறக்கும்.

எங்கள் கட்டடம் ஒரு நீள மண்டபம், பக்கத்தில் ஒரு சின்ன அறை, சிவப்புச் சீமெந்துத் தரை. சுவரோரம் நீலப் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றின் முதுகிலும் சங்கத்தின் பெயரைச் சுருக்கி வெள்ளைப் பெயின்ரால் எழுதியிருக்கும். ஊரில் கலியாணம் என்றாலும் செத்த வீடு என்றாலும் இந்தக் கதிரைகள்தான் போகும், எண்ணிக்கை குறையாமல் திரும்பி வரவும் வேண்டும். நடு வளையில் ஓர் இரும்புக் கொளுக்கி. கிளினிக் நாளில் தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளை நிறுப்பது அதில்தான். நேசரிப் பிள்ளைகளின் விழாவுக்குத் தோரணம் கட்டுவதும் அதில்தான். கிழமை நாட்களில் காலையில் நேசரி, பின்னேரம் படிப்பு வகுப்பு, ஞாயிறு காலையில் அறநெறி (சமய) வகுப்பு. மாதத்தில் ஒரு நாள் கிளினிக், இன்னொரு நாள் மாதர் சங்கக் கூட்டம்.

திறப்பு பெரும்பாலும் பக்கத்து வீட்டில் இருக்கும். அந்த வீட்டுக்காரரை அறிமுகம் செய்துகொண்டு, எந்த நாளில் யார் வருகிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். சங்கத்துக்கு வட்ஸ்அப் குழு இருந்தால் உங்கள் நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்ட அறிவித்தல், தண்ணீர் வெட்டு, நுளம்புக்குப் புகை அடிக்கிற நாள் எல்லாம் இப்போது அதில்தான் வருகிறது.

கட்டடம் சங்கத்தினுடையது. அங்கே வந்து இருக்கிற உத்தியோகத்தர்கள் வேறு வேறு திணைக்களத்தவர்கள். மிட்வைப் மிஸ்ஸிடம் அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிப் பணம் பற்றியும், சமுர்த்தி உத்தியோகத்தரிடம் தடுப்பூசி பற்றியும் கேட்டுவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். யாருக்கு எது பொறுப்பு என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஜீ.எஸ். சேரிடம் பதிவு

கிராம உத்தியோகத்தரைத்தான் எல்லோரும் ஜீ.எஸ். என்பார்கள். வயதானவர்கள் இன்னும் விதானையார் என்று சொல்வதுண்டு. அவருடைய ஒபிஸ் பல இடங்களில் இந்தக் கட்டடத்திலோ அதன் பக்கத்திலோ இருக்கும். பொதுமக்களைச் சந்திக்கும் நாள் கதவில் ஒட்டியிருக்கும்.

கொண்டு போக வேண்டியவை: வீட்டிலுள்ள பெரியவர்களின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக்காரரின் கடிதம். அதோடு, முன்பு இருந்த ஊரின் ஜீ.எஸ்ஸிடம் இருந்து நீங்கள் அங்கிருந்து வந்துவிட்டதாக ஒரு கடிதம். இந்தக் கடைசிக் கடிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாங்கள் அதை வாங்காமல் வந்துவிட்டோம். பதுளைக்குப் போய்வர ஒரு நாள் ஆகுமே, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டோம். வந்த வருடத்து மாரியில் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். நிவாரணப் பொதி வந்தபோது பட்டியலில் எங்கள் குடும்பம் இல்லை. யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது, பதிவே இல்லாத ஆட்களுக்கு எப்படிக் கொடுப்பது? பக்கத்து வளவு மாமி தன் பொதியைப் பிரித்து அரிசியும் பருப்பும் சீனியும் எங்கள் வாளியில் கொட்டிவிட்டுப் போனார். அந்த வாளியை நான் இன்னும் மறக்கவில்லை.

பதிவு முடிந்ததும், வாக்காளர் இடாப்பில் பெயர் மாற்றுவது எப்போது என்று கேளுங்கள். வாக்குப் போடுவதற்கு மட்டுமல்ல, பிள்ளையைத் தரம் 1-இல் சேர்க்கும்போதும் பாடசாலை அந்த இடாப்பைத்தான் பார்க்கும். பிள்ளைக்கு மூன்று வயது இருக்கும்போதே இதை நினைக்க வேண்டும்.

இன்னுமொன்று. உங்கள் பிரதேச செயலகத்தின் முழுப் பெயரையும் கிராம உத்தியோகத்தர் பிரிவின் இலக்கத்தையும் ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் மண்முனை என்று தொடங்குவது மட்டும் ஐந்து: மண்முனை வடக்கு, மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, மண்முனைப் பற்று, மண்முனை தெற்கு எருவில் பற்று. வாழைச்சேனைப் பக்கம் கோறளைப்பற்றும் இப்படித்தான், வடக்கு, தெற்கு, மேற்கு, மத்தி என்று பிரியும். படிவத்தில் வெறுமனே மண்முனை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வாவிக்கு அக்கரையில் போய் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

வயிற்றில் பிள்ளை இருந்தால், பிறந்த 42 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மிட்வைப் மிஸ்

இந்த ஊரில் எனக்கு முதல் கிடைத்த ஆள் அவர்தான். ஒரு நாள் மூத்தவனைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டடத்தைக் கடந்து போகிறேன். உள்ளே தாய்மார் வரிசையாக இருக்கிறார்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்: "புள்ள, எங்க இருந்து வந்திருக்கிங்க? உள்ள வந்து இரிங்க, மறுகா போகலாம்." மறுகா என்றால் பிறகு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உள்ளே போனேன். ஐந்தாம் மாதத்தில்தான் எனக்குப் பதிவு விழுந்தது. எட்டு வாரத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்று மிஸ் சொன்னார், ஆனால் ஏசவில்லை.

குடும்பநல உத்தியோகத்தர் என்பதுதான் அவருடைய பதவிப் பெயர். ஒவ்வொரு மிட்வைப்புக்கும் ஒரு பகுதி பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பகுதியில் இருக்கிற கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் எல்லோரும் அவருடைய பதிவேட்டில் இருக்க வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு வீட்டுக்கே வந்து பார்ப்பார். இதற்கெல்லாம் ஒரு சதம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

முதல் முறை போகும்போது பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். வேறு மாவட்டத்தில் கொடுத்த கொப்பி என்றாலும் இங்கே செல்லும், அதிலேயே தொடர்ந்து எழுதுவார்கள். இரண்டு வயது வரை மாதா மாதம் நிறுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நிறையைக் கொப்பியில் ஒரு புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார்கள். அந்தக் கோடு மேலே போகாமல் படுத்துக் கிடந்தால் மிஸ் உங்களைப் பக்கத்தில் இருத்தி, என்ன சாப்பாடு, எத்தனை தரம், யார் ஊட்டுகிறது என்று விசாரிப்பார். பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். வீட்டில் முட்டை வாங்க வழியில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். திரிபோஷ கொடுப்பது அதை வைத்துத்தான். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நிறை குறைந்த பிள்ளைகள் ஆகியோருக்கு அது கிடைக்கும். சோளமும் சோயாவும் சேர்ந்த மா. எங்கள் ஊரில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடிப்பார்கள். பிள்ளைக்கென்று தந்த பைக்கற்றை வீடு முழுக்கப் பங்கு போட்டுவிட்டால் கோடு ஏறாது. இது நடக்கிற விஷயம் என்பதால் சொல்கிறேன்.

தடுப்பூசித் தேதிகளும் அதே கொப்பியில் இருக்கும். 2, 4, 6 மாதங்களில், பிறகு 9 மாதத்தில், ஒரு வயதில், ஒன்றரை வயதில், மூன்றில், ஐந்தில். இடம் மாறுகிற குடும்பங்களில் தவறிப்போவது பெரும்பாலும் 9 மாதமும் ஒன்றரை வயதும். வீடு மாறுகிற அவசரத்தில் ஒன்று விட்டுப்போயிருந்தால் மறைக்க வேண்டாம், எப்போது போடலாம் என்று மிஸ்ஸே சொல்லுவார்.

மாதர் சங்கம்

முழுப் பெயர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். உறுப்பினராகச் சேருவது லேசு: விண்ணப்பம் ஒன்று, சின்னச் சந்தா, இரண்டு பேரின் அறிமுகம். முதல் கூட்டத்திலேயே உதவி கேட்க வேண்டாம். இரண்டு, மூன்று கூட்டம் சும்மா போய் இருங்கள். நாலு மணிக்குக் கூட்டம் என்றால் நாலரைக்குத்தான் தொடங்கும். ஆனால் நீங்கள் நாலு மணிக்கே போய்விடுங்கள். கதிரை அடுக்குகிற அந்த அரை மணி நேரத்தில்தான் ஊரே பேசப்படும். எந்த நேசரி ரீச்சர் பொறுமையானவர், எந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, யார் வீட்டில் தையல் மெஷின் சும்மா கிடக்கிறது என்று அந்த அரை மணிக்குள் நான் அறிந்துகொண்டதை ஒரு ஒபிஸிலும் அறிந்திருக்க முடியாது.

சங்கம் என்ன செய்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். எங்களிடம் பிடியரிசி இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பேணியில் போட வேண்டும். மாதக் கூட்டத்துக்கு அந்தப் பேணியைக் கொண்டு வந்து பெரிய வாளியில் கொட்டுவோம். அந்த மாதம் வீட்டில் உழைக்கிற ஆள் நோயில் விழுந்த குடும்பத்துக்கு அது போகும். அல்லது விற்றுச் சேமிப்பில் போடுவோம். நாட்டரிசியும் சம்பாவும் வெள்ளைப் பச்சையும் கலந்து கிடக்கும் அந்த வாளி. யார் எவ்வளவு போட்டது என்று பார்ப்பதில்லை. தையல் வகுப்பு, வீட்டுத்தோட்டத்துக்கு விதையும் கன்றும், கோழிக்குஞ்சு, சின்னச் சேமிப்பு, சேமிப்பில் இருந்து குறைந்த வட்டிக்குக் கடன் என்று மற்றவையும் நடக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும், இதை மிகவும் கவலையோடுதான் எழுதுகிறேன். இதே மண்டபத்தில் வேறு ஆட்களும் கூட்டம் வைப்பார்கள். குழுக்கடன், வாரக்கடன் கொடுக்கிற கம்பனிக்காரர். ஐந்து பெண்களை ஒரு குழுவாக்கி, ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்குவார்கள். கட்டடத்துக்குள் நடப்பதால் சங்கத்தின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். புது ஊரில் நாலு பேரோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போய், காது, கழுத்தில் இருந்ததெல்லாம் அடகுக்குப் போனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். வந்து ஒரு வருடம் ஆகும் வரை யாருக்கும் பிணை நிற்க வேண்டாம். "வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியது. ஏற்கெனவே அதில் இருக்கிறீர்கள் என்றால் விலாசம் மாறியதைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். இல்லை என்றால் விண்ணப்பம் கோருகிற நேரத்தில்தான் சேர முடியும். அந்த அறிவித்தல் முதலில் வருவது இந்தக் கட்டடத்தின் பலகையில்தான். வீட்டுக்கு வந்து விபரம் எடுக்கும்போது வாடகை வீடு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், வீட்டுக்காரரின் சொத்து உங்கள் கணக்கில் ஏறிவிடக் கூடாது. வீட்டில் 60 வயது தாண்டியவர் இருந்தால் முதியோர் சங்கத்தில் சேர்த்து, முதியோர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வரிசையில் அது உதவும்.

மரணாதார சங்கம்

இதைப் பற்றிப் புதிதாக வந்தவர்களிடம் கதைப்பது சங்கடம்தான், வாய்க்கு வராது. ஆனாலும் சேருங்கள். மாதம் ஒரு சிறு தொகை. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பெட்டிச் செலவுக்குக் காசு, பந்தலுக்குத் தறப்பாள், கதிரை, கிடாரம், லயிட் எல்லாம் சங்கத்தில் இருந்து வரும். அதைவிடப் பெரியது ஆட்கள் வருவது. மூன்று வருடத்துக்கு முதல் என் மாமியார் எங்கள் வீட்டில் காலமானார். பதுளையில் இருந்து சொந்தம் வந்து சேர அடுத்த நாள் மத்தியானம் ஆகிவிட்டது. அதற்கு முன்பே பந்தல் போட்டு, தேத்தண்ணி ஊற்றி, இரவு முழுக்க விழித்திருந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் அவர்களே வந்து நின்றார்கள். நீங்களும் மற்ற வீட்டுச் சாவுகளுக்குப் போக வேண்டும். சந்தா கட்டிவிட்டுப் போகாமல் இருந்தால் காசு வரும், ஆட்கள் வரமாட்டார்கள்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கம் குடிபோகிறவர்களுக்கு இந்த வேலைகளில் பலவற்றைப் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள சங்கங்கள் பார்க்கும். ஜனாஸா ஏற்பாடு, ஸகாத் நிதி, பிள்ளைகளின் படிப்பு உதவி எல்லாம் அங்கேதான். மஹல்லாவில், அதாவது அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர்ப் பகுதியில், பெயர் பதிவதில் இருந்து தொடங்க வேண்டும். ஜீ.எஸ்., மிட்வைப் வேலைகள் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

பிள்ளைகள்

மூன்று வயதில் இருந்து நேசரி. பின்னேர வகுப்புக்குப் பெரும்பாலும் ஊர்ப் படித்த பிள்ளைகளே வந்து சொல்லிக் கொடுப்பார்கள், புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற வருடத்தில் கூட்டம் அதிகம். சிறுவர் கழகத்தில் சேர்த்துவிடுங்கள். எங்கள் மூத்தவன் மலையகப் பேச்சோடு பாடசாலைக்குப் போய் ஒரு மாதம் யாரோடும் கதைக்காமல் இருந்தான். கழகத்தில் கரம்போர்ட் விளையாடப் போன பிறகுதான் வாய் திறந்தது. இப்போது அவன் மறுகா என்கிறான்.

மண்டபத்தில் சொல்ல முடியாதவை

வீட்டில் அடி, பிள்ளைக்கு நடந்த துன்புறுத்தல், தாங்க முடியாத மன வேதனை, இவற்றைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். ஊரில் ஒரு வாய் ஒன்பது வாயாகும். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் ஆகியோர் இருக்கிறார்கள். தனியாக, கதவைச் சாத்தி வைத்துக் கேட்பார்கள். போன் என்றால் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. மிட்வைப் மிஸ்ஸிடம் தனியாகச் சொல்லி வழி கேட்பதும் நல்ல வழி. எங்கள் ஊரில் இரண்டு பெண்கள் அப்படித்தான் வெளியே வந்தார்கள்.

மாரி வருவதற்கு முன்

நவம்பரில் இருந்து ஜனவரி, பெப்ரவரி வரை மாரி. 2011 ஜனவரி வெள்ளத்தை இங்கே யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். மழை மட்டும் அல்ல, வாவி நிரம்பினாலும் தாழ்ந்த ஒழுங்கைகளுக்குள் தண்ணீர் ஏறும். முகத்துவாரம் வெட்டிவிட்டார்களா என்று ஊர் முழுக்க விசாரிப்பார்கள். வாவித் தண்ணீர் கடலுக்குப் போக அந்த மணல் திட்டை வெட்ட வேண்டும், வெட்டினால் தண்ணீர் இறங்கும் என்று நம்பலாம்.

ஒக்டோபரிலேயே செய்ய வேண்டியது இது. பக்கத்து ஆட்களிடம் உங்கள் வளவுக்குள் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். சுவரில் கறை காட்டுவார்கள். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டி, கையெட்டும் உயரத்தில் மாட்டுங்கள். ஊரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்குவது பாடசாலையிலா, பல்தேவைக் கட்டடத்திலா என்று ஜீ.எஸ்ஸிடம் கேளுங்கள். முகாமுக்குப் போனாலும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் பெயர் கொடுக்க மறக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் நம்பர் 117. நோயாளியை ஏற்ற 1990 அம்புலன்ஸ், காசில்லை.

ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் திண்ணையைத் தாண்டும்போது, கட்டடம் திறந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் போன் எடுப்பது திறப்பு வைத்திருக்கிற வீட்டுக்குத்தான். எங்கள் ஊரில் அந்தத் திறப்பு இப்போது எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. எந்த நேரம் என்றாலும் கூப்பிடலாம்.